ருஷ்யாவைச் சுற்றி வந்த பேத்தி

என் தங்கை மகன் வேசா கைப்பேசியை நம்புகிறவன். நான் அதையும் நம்புவதில்லை, அவனையும் நம்புவதில்லை. ஆனாலும் பேத்திக்கு அவன்தான் ஞானத்தந்தை என்பதால், ஞானஸ்நானத்துக்கு நேரம் குறிக்கும் வேலையை அவனிடம் விட்டார்கள்.

டோக்கியோவிலிருந்து வருகிற என் மகள் கைசா, விமானம் ஏறும் நேரத்தை மட்டும் சொன்னாள். இறங்கும் நேரத்தை யாரும் கேட்கவில்லை. ருஷ்ய எல்லையோரம் இருக்கும் எங்கள் இலோமன்ட்சி ஊரில் ஒரு கேள்விக்குமேல் கேட்டால் வம்பு பிடித்தவன் என்பார்கள். வேசா கைப்பேசியில் தட்டினான். ஹெல்சிங்கிக்கு ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம் என்றது. அதைக் கூட்டிப் பார்த்து, சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பாதிரியாரை வரச் சொல்லிவிட்டான்.

இரண்டு மணிக்கு என் வீட்டில் பெண் பாதிரியார் மர்யுக்கா இருந்தார், கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது, காப்பி ஆறிக்கொண்டிருந்தது. குழந்தைதான் இல்லை.

கைசா போனில் கூப்பிட்டாள். "இப்பத்தான்பா ஹெல்சிங்கில இறங்கினோம். ரயில் போயிடுச்சு, அடுத்ததுல வர்றோம்."

"ஒன்பதரை மணி நேரம்னானே இவன்?"

"பதிமூணுப்பா. போர் வந்ததுலேர்ந்து ருஷ்யா மேல பறக்க விடமாட்டாங்க. துருவத்தைச் சுத்தித்தான் வரணும்."

வேசா பக்கம் திரும்பினேன். "ஏண்டா, காட்டைத் தாண்டினா எல்லை. மூடிக் கிடக்குன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா?"

"தரையிலதான் மூடியிருக்குன்னு நெனச்சேன் மாமா. போன்ல நேர்கோடு காட்டுச்சு."

"அந்தக் கோட்டுல நீ போடா. சுட்டுத் தள்ளட்டும்."

மர்யுக்கா அங்கியை மடித்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் விடிந்ததும் கைசா ரொவனியேமியில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். அங்கே சும்மா இருப்பார்களா? அவர்களே ஞானஸ்நானத்தை முடித்துவிடுவார்கள். தண்ணீர் தெளிக்கும்போது குழந்தையை மடியில் வைத்திருக்கப்போவது நான் என்று பேச்சு. எங்கள் வழக்கப்படி அதுவரை பெற்றவர்கள் குழந்தையின் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். என் பேத்தியின் பெயரை அந்தச் சம்பந்தியம்மா எனக்குமுன் கேட்பாள்!

சாயங்காலம் போய் வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். கோடைகாலம், வெளியே இன்னும் வெயில்.

"பேரையாவது சொல்லுடி."

"தண்ணி தெளிக்காமச் சொல்லமாட்டேன்பா."

"தெளிக்கிறவ கல்யாணத்துல ஆடிக்கிட்டிருக்கா! வேசா, வண்டிய எடு. அந்தப் போனை இங்கயே வச்சுட்டு வா."

குழந்தையோடு எல்லாரும் போய் இறங்கினோம். கல்யாணக் கொட்டகையில் மர்யுக்கா கேக்குத் தட்டோடு நின்றார்.

"ரெய்னோ பெரியவரே, இது அடுத்தவங்க கல்யாணம்."

"கண்ணு தெரியுது எனக்கு. நான் செத்தா வருவ இல்ல? இதுக்கும் வா."

பாட்டு நின்றுவிட்டது. எல்லாரும் என்னையே முறைத்தார்கள், நானும் முறைத்தேன். மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, பழரசக் கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள்.

"குழந்தையின் பெயர்?"

"கெர்த்து" என்றாள் கைசா.

தண்ணீர் பட்டதும் கெர்த்து கொட்டகையே அதிரக் கத்தினாள். வேசா சமாதானப்படுத்தக் கையை நீட்டினான்.

"விடுடா, கத்தட்டும்" என்றேன். "துருவத்தைச் சுத்தி வந்தவ அவ. நீ இல்ல."