கை காய்கிற வரைக்கும்

வேல்சாமி ஒரு வார்த்தை பேசாமல் ஆளை எழுப்பிவிடுவார். மலையாள நாட்டில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சைவ ஓட்டலில் இருபத்திரண்டு வருஷமாகச் சப்ளையர். காலை எட்டரை மணிக்கு வாசலில் இருபது பேர் நிற்பார்கள். உள்ளே ஒருத்தர் தோசையைத் தின்று முடித்துவிட்டுச் சாவகாசமாகப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். எழுந்திரும் என்று வாயைத் திறந்து சொன்னால் சண்டை. வேல்சாமி பக்கத்தில் போய் நிற்பார், டம்ளரை எடுப்பார், அது இருந்த இடத்தில் துணியால் ஒரே இழுப்பு. அவ்வளவுதான். அந்த மனுஷன் தானாக எழுந்து கை கழுவப் போய்விடுவார், தன்னை எழுப்பிவிட்டார்கள் என்பதே தெரியாமல். "வேல்சாமியைக் கண்டு படிக்கணும்" என்று முதலாளியே மற்ற சப்ளையர்களிடம் சொல்வதுண்டு.

பெருமைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா கிடக்காது. அங்கேதான் வந்தது வினை.

மகள் ஷிஜா கழக்கூட்டம் என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தன்னோடு வேலை செய்கிற நாலு பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். வேல்சாமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றார். தண்ணீர் குறைந்தால் ஊற்றினார், தட்டு காலியானால் எடுத்தார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டுப் பன்னிரண்டு நிமிஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அப்பாவுக்குப் பரம திருப்தி, ஒரு குறையுமில்லாமல் கவனித்தோம் என்று. ஷிஜா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. இந்தத் தை மாதம்தான் மறுபடியும் பேச்செடுத்தாள், அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"அப்பா, உங்களப் பத்தி எனக்கு ஒரு நாணக்கேடும் இல்ல, கேட்டோ. எங்கப்பா எங்க வேலை பாக்காருன்னு எல்லாருட்டயும் சொல்லியிருக்கேன். ஆனா நீங்க நின்னா அவங்களுக்கு உக்காந்திருக்க மனசு வராது. இந்தத் தடவை நீங்களும் உக்காரணும். எந்திச்சீங்கன்னா, சத்தியமா சொல்லுதேன், இனி இந்த வீட்டுக்கு ஒருத்தரையும் விளிக்க மாட்டேன்."

"இவ்வளவுதானா மோளே, உக்காந்துட்டாப் போச்சு" என்றார் வேல்சாமி. அவருக்கும் ஆசைதான். ஊரிலிருந்து வந்து இத்தனை வருஷத்தில் அவர் வீட்டுக்கு வந்த ஒருத்தர்கூட இருந்து பேசிவிட்டுப் போனதில்லை. இந்தத் தடவையும் பன்னிரண்டு நிமிஷமென்றால் இனி ஆயுசுக்கும் இல்லை.

ஆரியசாலைச் சந்தில் வற்றல் மிளகாய் மொத்தக்கடைக்கு மேலே மாடியில் அவர்கள் குடியிருப்பு. ரெண்டு அறை, அடுத்து ஒரு மொட்டை மாடி. முதல்முறை படியேறுகிறவர் மூன்று தும்மலாவது போடாமல் மேலே வர முடியாது. அந்த மாடியில் பதினொரு வருஷமாகத் துணி காய்ந்தது, வடகம் காய்ந்தது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கியது. வேறொன்றுக்கும் அது உதவும் என்று வேல்சாமி நினைத்ததே கிடையாது.

விருந்து நாளான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஷிஜா ஒரு வேலையும் செய்யவில்லை. மேசை நாற்காலி வாடகைக்கு எடுக்கவில்லை, பந்தல் போடவில்லை. வேல்சாமிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ஏளா, இவ என்னத்த நெனச்சிக்கிட்டு இருக்கா?" என்று மனைவி உச்சிமாகாளியிடம் போய் முறையிட்டார். அவள் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே, "ஒங்களுக்கு உக்காருத வேலைதான் குடுத்திருக்கு. அத இப்பமே பழகுங்க" என்றாள்.

நாலு மணிக்கு ஷிஜா துடைப்பத்தை எடுத்தாள். மாடியைக் கழுவித் தள்ளி, காய்ந்ததும் நாலு கோரைப்பாயை ஒன்றையொன்று தொடும்படி விரித்தாள். உச்சிமாகாளியின் பழைய சுங்குடிச் சேலையை நீளவாக்கில் மடித்து நடுவே போட்டாள், சிவப்பில் வெள்ளைப் புள்ளி. அதன்மேல் கழுவிய ஊறுகாய் பாட்டில்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி. சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பிச்சிப்பூவை மாலையாகத் தொங்கவிடாமல் ரெண்டு பித்தளைச் செம்பில் குவித்து வைத்தாள். பெரிய அலுமினிய அண்டாவில் ஐஸ் கட்டியைக் கொட்டி, பாட்டில் பாட்டிலாகச் சம்பாரத்தை அதில் புதைத்தாள். இஞ்சியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்ட மோர்தான் சம்பாரம். சுவரோரம் பலகை போட்டு இடியாப்பம், உச்சிமாகாளி வைத்த தேங்காய்ப்பால் சொதி, கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தது, காந்தாரி மிளகாய் நசுக்கிய சம்மந்தித் துவையல், கடைசியில் தட்டுகளும் டம்ளர்களும். முடிந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வேல்சாமி படிவாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். புதிதாக எதுவும் வாங்கவில்லையே, எல்லாம் நம் வீட்டுச் சாமான்தானே, இது எப்படி இப்படி ஆயிற்று? கல்யாண மண்டபத்துப் பந்தி பார்த்திருக்கிறார், பெரிய ஓட்டல் பார்ட்டிக்கு ஒருநாள் கூலிக்குப் போயிருக்கிறார். இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. உள்ளே காலெடுத்து வைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார்.

"ஆமா, யாரு வெளம்புவா?" என்று கேட்டார்.

"ஆரும் வெளம்பண்டா. வேணுங்கறத அவங்களே எடுத்துக்கட்டும்."

விருந்தாளி தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிற கூத்தும் உலகத்தில் உண்டா என்று யோசித்தார் வேல்சாமி.

ஐந்தரைக்குத் தும்மல் சத்தத்தோடு ஆறு பேர் படியேறினார்கள். ஜினு என்கிற சுருட்டை முடிப் பெண் வந்த வேகத்தில் நேரே அடுக்களைக்குள் போய், உச்சிமாகாளியின் பக்கத்தில் நின்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இது எந்தாணு? வாசனையே கொல்லுது." வேல்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓட்டலில் கஸ்டமர் அடுக்களைக்குள் கால் வைத்தால் முதலாளி குதிகுதியென்று குதிப்பார். இங்கே உச்சிமாகாளி அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் சொதியை ஊற்றி ருசி பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஏறி வந்தவரைப் பார்த்ததும் வேல்சாமிக்கு மூச்சே நின்றது. ஷிஜாவின் மேனேஜர் ஸ்ரீகண்டன், கரமனை அக்ரஹாரத்துக்காரர். அதெல்லாம் ஷிஜா சொல்லித்தான் அப்புறம் தெரிந்தது. வேல்சாமிக்கு அவர் ஏழாம் நம்பர் மேசை. காலேஜ் படிக்கிற காலத்திலிருந்தே வருகிறார், நெய் ரோஸ்ட், சாம்பார் தனியாக. என்ன வேணும் சார் என்று தொண்டை வரைக்கும் வந்ததை வேல்சாமி விழுங்கிக்கொண்டார்.

ஸ்ரீகண்டனும் நின்றுவிட்டார். "நீங்கதான் ஷிஜாவோட அப்பாவா? இத்தனை வருஷமா உங்க கையால சாப்டிண்டிருக்கேன், பேரு கூடக் கேட்டுக்கலையே நான்" என்று வேல்சாமியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

வேல்சாமி சொன்ன சொல் தவறாமல் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பசிக்கவில்லை, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். துண்டு தோளில் இருந்தது, கையை முழங்கால் இடுக்கில் அமுக்கி வைத்திருந்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டார்கள், ஒருத்தர் தட்டிலிருந்து ஒருத்தர் கப்பையைப் பிடுங்கினார்கள், காந்தாரி காரத்தில் கண்ணீர் விட்டுவிட்டு மறுபடியும் அதையே தொட்டார்கள். பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம், பதினைந்து. வேல்சாமி மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். எவரும் எழுந்திருக்கவில்லை. அடேயப்பா என்றிருந்தது அவருக்கு.

பாயசம் எடுத்துவர ஷிஜா உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து ஸ்ரீகண்டனின் டம்ளர் காலியாகிவிட்டது. தட்டும் காலி. மனுஷன் பின்னால் கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, பொன்முடிக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுக் கொண்டையூசி வளைவெல்லாம் நடந்தே இறங்கினாராம். வேல்சாமியின் காதில் கதை ஏறவில்லை, கண் டம்ளரிலேயே நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்துவிடலாம், அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

எழுந்தார். பக்கத்தில் போனார், டம்ளரை எடுத்தார். அதன் அடியில் சேலைமேல் வட்டமாக ஈரம். தோளிலிருந்த துண்டு கைக்கு எப்படி வந்ததோ அவருக்கே தெரியாது. ஒரே இழுப்பு.

ஸ்ரீகண்டன் எழுந்துவிட்டார்.

சொல்லிக்கொண்டிருந்த கதை ஒன்பதாவது வளைவில் அப்படியே நிற்க, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கை கழுவுகிற இடம் எங்கே என்று பார்த்தார். மேனேஜரே எழுந்தபிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். ஜினு வாயில் இருந்ததை மென்றுகொண்டே எழுந்தாள். ஒருத்தர் கார் கூப்பிட போனை எடுத்தார். "சாப்பாடு சூப்பராயிருந்து. அப்ப ஞங்கள் இறங்கட்டே?" என்றார் இன்னொருத்தர்.

ஷிஜா பாயசத் தூக்குவாளியோடு வாசலுக்கு வந்தாள். ஆறு பேரும் நிற்பதைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். தூக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். திட்டியிருந்தால் வேல்சாமி தாங்கியிருப்பார், அந்த ஒதுங்கலைத் தாங்க முடியவில்லை.

"சார், போகாதீங்க" என்றார். "நான் தண்ணி ஊத்தத்தான் வந்தேன். இந்தக் கை ஒங்கள எழுப்பிட்டு. இருபத்திரெண்டு வருசமா ஆள எழுப்பியே பழகிப்போச்சு சார். உக்கார வைக்கதுக்கு எனக்குத் தெரியல."

ஸ்ரீகண்டன் தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "அதானே, நான் ஏன் எழுந்துண்டேன்?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் எழுந்த ஆள் மறுபடி உட்காருவது லேசான காரியமா? சிரித்துக்கொண்டே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

வேல்சாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த துண்டைக் கொடிக்கம்பியில் போட்டார். சுவரோரம் போய் ஒரு தட்டை எடுத்தார், ரெண்டு இடியாப்பம் வைத்துச் சொதியை ஊற்றினார். பாயின் நடுமத்தியில், அந்தச் சேலைக்கு முன்னால், முழங்கால் சடக்கென்று சத்தம் போட, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே அஞ்சு நிமிஷத்தில் தின்று பழகிய மனுஷன். நாலு பேர் பார்க்க வாயில் ஒரு கவளம் வைத்ததில்லை. வைத்தார், விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தார்.

"தனியாச் சாப்பிட்டா எறங்க மாட்டேங்கு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஜினுதான் முதலில் தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சாப்பிட்டே முடிக்கல அங்கிள்." போனை எடுத்தவர் அதைப் பைக்குள் போட்டார். ஸ்ரீகண்டன் வயிறு நிறைந்திருந்தும் துணைக்கென்று இன்னும் ஒரு இடியாப்பம் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். ஷிஜா வந்து அப்பாவின் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடித்த இடத்தில் சாய்ந்தபடியே இருந்தாள்.

இருட்டத் தொடங்கியது. உச்சிமாகாளி மெழுகுவர்த்திகளைப் பற்றவைத்துவிட்டு அவளும் ஒரு தட்டோடு உட்கார்ந்தாள். சங்குமுகம் பக்கமாக ஒரு விமானம் தாழ்ந்து போயிற்று. பொன்முடிக் கதை ஒன்பதாவது வளைவிலிருந்து மறுபடி புறப்பட்டு அடிவாரம் வந்து சேர்ந்தது. அப்புறம் வேல்சாமி ஏழாம் நம்பர் மேசைக் கதையைச் சொன்னார், ஸ்ரீகண்டன் பரீட்சை நாளன்று சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக் குடித்த கதை. ஆறு பேரும் பாயில் உருண்டு சிரித்தார்கள். தன் வாயில் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று வேல்சாமிக்கே அதிசயமாக இருந்தது.

தட்டெல்லாம் எப்போதோ காலி. பாயசமும் குடித்தாயிற்று. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வேல்சாமி சுற்றிலும் பார்த்தார். ஸ்ரீகண்டன் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார், அந்த விரல்களில் சொதி வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருந்தது. ஜினுவின் கையும் அப்படியே, ஷிஜாவின் கையும் அப்படியே. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பரிமாறியிருப்பார், சாப்பிட்ட கை காய்ந்து அவர் பார்த்ததே இல்லை. காய்கிற வரைக்கும் அவர் யாரை விட்டிருக்கிறார்?

தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அதுவும் காய்ந்துபோயிருந்தது. விரலை மடக்கினால் தோல் இழுத்தது. எதையோ முதல்முறை பார்ப்பதைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அப்படியே இருக்கீகளே, கை கழுவலையா?" என்றாள் உச்சிமாகாளி.

"கழுவலாம்ளா" என்றார் வேல்சாமி. "வெளிய யாரு காத்துக்கிட்டு நிக்கா?"