படத்தில் இருப்பது என் மகள் அல்ல

பல் செட் செய்யும் லேபில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்துப் புதுப் பல்லைப் பொருத்துவாள். “அக்கா கட்டின பல்லுன்னா கடிக்கிறவனுக்கே சந்தேகம் வராது” என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலும் பெருமையுமாகச் சொல்வார்கள். அன்று மதியம் மேல்வரிசை ஒன்றுக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. பேசியது துணை முதல்வர்.

“பொண்ணுக்கு ஒண்ணுமில்ல, பதறாதீங்க. நேர்ல வாங்க, பேசிக்கலாம்.”

பதறாதே என்று சொன்ன பிறகு பதறாமல் இருக்க எந்தத் தாயால் முடியும்? கையிலிருந்த மெழுகைத் துடைக்கக்கூட மறந்து ஓடினாள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளியின் முதலுதவி அறையில், புத்தகப் பையை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை.

விஷயம் இதுதான். கூடப் படிக்கும் ஒருவன் பள்ளியின் இணையப் பக்கத்திலிருந்து விளையாட்டு விழாப் படம் ஒன்றை எடுத்து, அதிலிருந்த அவள் முகத்தை ஒரு செயலியில் போட்டிருக்கிறான். முகத்தைக் கொடுத்தால் ஆபாசப் படமாக மாற்றித் தரும் செயலி. வந்ததை நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறான். காலை இடைவேளைக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது.

துணை முதல்வர் நல்ல மாதிரிதான் பேசினார். தண்ணீர் கொடுத்தார். மேசைமேல் பதினோரு பக்கக் கொள்கை ஆவணம் இருந்தது. ‘இணையவழித் துன்புறுத்தல் தடுப்பு’ என்று அட்டையில் பெரிய எழுத்து.

“எல்லாத்துக்கும் முறை இருக்கும்மா. குழு கூடும், விசாரிக்கும், நடவடிக்கை எடுக்கும். அதுக்கு முன்னாடி உங்க பொண்ணு பேரைக் காப்பாத்தணும் இல்லையா? அது போலிப் படம்னு நாங்க அடிச்சுச் சொல்லணும்னா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

தாளில் இரண்டே வரி. ‘பரவி வரும் படத்தில் இருப்பது என் மகள் அல்ல என்று இதன்மூலம் உறுதி அளிக்கிறேன்.’

அதைப் படித்ததும் அவளுக்கு மூச்சே திரும்பி வந்த மாதிரி இருந்தது. பெற்ற வயிறு வேறு எதை எழுதித் தரும்? ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். “அவனுக்கு நான்தான்மா சயின்ஸ் நோட்டுக் குடுத்தேன்.”

எட்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தன் தம்பியை வரவழைத்து இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்தார்கள். கொள்கையின் நான்காம் பிரிவு, ஒரு மாணவரின் ஆபாசமான படத்தை எடுப்பதையும் பரப்புவதையும் தடை செய்கிறது. படத்தில் இருப்பது தம் மகள் அல்ல என்று தாயாரே எழுத்துமூலம் உறுதி அளித்துள்ளதால் இப்பிரிவு இங்கே பொருந்தாது. வகுப்பறைக்குக் கைபேசி கொண்டு வந்த குற்றத்துக்காக மட்டும் அந்த மாணவனுக்கு மூன்று நாள் இடைநீக்கம்.

தம்பி கடிதத்தைக் கசக்கப் போனான். அவள் பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு அதே தாளோடு துணை முதல்வர் முன்னால் போய் நின்றாள்.

“நீங்க கேட்டீங்கன்னுதானே மேடம் எழுதிக் குடுத்தேன்!”

“உண்மையைத்தானேம்மா எழுதினீங்க? அது உங்க பொண்ணு இல்லதானே?”

“உடம்பு அவளோடது இல்ல. முகம்? முகம் யாரோடது மேடம்?”

துணை முதல்வர் ஆவணத்தைப் புரட்டினார். உண்மையாகவே தேடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசிப் பக்கம்வரை போய்விட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“முகத்தைப் பத்தித் தனியா ஒண்ணும் இல்லம்மா. இதை எழுதினப்போ இப்படி ஒண்ணு வரும்னு எங்க யாருக்கும் தோணல.”

“அவன் எதுக்கு இப்படிப் பண்ணானாம்?”

“சும்மாதானாம். செயலி வேலை செய்யுதான்னு பாத்தானாம். அந்தப் பக்கத்தைத் திறந்ததும் முதல்ல வந்த முகம் உங்க பொண்ணோடது.”

அவளுக்குச் சண்டை போடத் தெம்பு இருந்தது. எதோடு போடுவது என்றுதான் தெரியவில்லை. தம்பியோடு காவல் நிலையத்துக்கும் போனாள். புகாரை வாங்கிக்கொண்டு, பள்ளியின் அறிக்கை வரட்டும் என்றார்கள். வந்த அறிக்கையோடு அவள் கையெழுத்திட்ட தாளின் நகலும் இருந்தது. அந்தப் புகார் எந்த மேசையில் படுத்துவிட்டது என்று அதன் பிறகு யாரும் சொல்லவில்லை.

பாதுகாப்புக்காக என்று மகளை ‘பி’ பிரிவுக்கு மாற்றினார்கள். அவன் ‘ஏ’ பிரிவிலேயே, அதே பெஞ்சில் இருந்தான். இடம் மாறியவள் இவள்தான். ஆனால் அந்தப் படம் ‘பி’ பிரிவுக்கு இவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. வருகைப் பதிவில் இவள் பெயரைக் கூப்பிட்டால் போதும், எங்கிருந்தோ ஒருவன் நாக்கைச் சொடுக்கி ‘க்ளிக்’ என்று கேமரா சத்தம் எழுப்புவான். டீச்சர் நிமிர்ந்து பார்த்தால் முப்பத்தெட்டுத் தலையும் புத்தகத்துக்குள் இருக்கும். மூன்று வாரம் போனாள். ஒரு திங்கட்கிழமை சீருடையைப் போட்டு, ஷூ வரைக்கும் மாட்டிக்கொண்டு, வாசற்கதவைத் திறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். தாய்தான் ஷூவின் கயிற்றைக் குனிந்து அவிழ்த்துவிட்டாள்.

இரண்டு மாதத்தில் துணை முதல்வரே போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

“கொள்கையைத் திருத்திட்டோம்மா. செயற்கையா செஞ்ச படம், முகம் மாத்தின படம் எல்லாத்தையும் சேத்தாச்சு. ஒரு விதத்துல உங்க பொண்ணாலதான் இது நடந்துச்சு.”

“அப்ப அவன்மேல...?”

“அடுத்த கல்வியாண்டுல இருந்துதான் நடைமுறைக்கு வரும்மா. முன்னாடி நடந்ததுக்கு செல்லாது.”

நன்றி என்று ஒரு சொல்லை அவர் எதிர்பார்த்தது போனிலேயே தெரிந்தது. அவள் போனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட வேலையைக் கையில் எடுத்தாள்.

வீட்டிலிருந்தே படித்தாவது மகள் பரீட்சை எழுதிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. மகளும் சரி என்றாள். கணக்கையெல்லாம் தானாகவே போட்டுப் பார்த்தாள். பரீட்சைக்கான விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது, புதிதாக எடுத்த புகைப்படம் ஒன்று வேண்டும். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், பழைய படம் ஏற்கப்படாது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். மகள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டு, “கொஞ்சம் நிமிர்ந்து பாரும்மா” என்று கேமராவைத் தூக்கியதும் அவள் கை தானாக எழுந்து முகத்தை மூடிக்கொண்டது. இறக்கினாள். மறுபடியும் மூடிக்கொண்டது. தாய் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள்.

“எடுத்தா இவர்கிட்ட இருக்கும்மா. கம்ப்யூட்டர்ல இருக்கும்.”

“எடுத்ததும் அழிச்சிடச் சொல்றேன், கண்ணு.”

“அழியாதும்மா. உனக்குத் தெரியாது.”

ஸ்டூடியோக்காரர் பாவம், ஒன்றும் புரியாமல் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

“சரி விடு, நாளைக்கு வரலாம்” என்றாள் தாய்.

“நாளைக்கும் இதே முகம்தானேம்மா.”

மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாள் வாசல்வரை போனார்கள். தம்பி, வீட்டிலேயே என் போனில் எடுக்கிறேன் என்று வந்தான். மாமனைக் கண்டதும் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு விண்ணப்பத்துக்குக் கெடு முடிந்தது. அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடமும் எழுதவில்லை.