ஒன்பது பத்துக்கு வந்த காத்தாயி

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு புகைப்படக் கடையில். எண்பத்தொன்பதில் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க மாத்தளைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் இத்ரூஸ் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் சுவரைப் பார்த்தேன். மூன்று ஆஸ்பத்திரிகள், மூன்று பிரியாவிடைப் படங்கள். மூன்றிலும் நடுவில் மாலையோடு உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆள்.

"யார் இவர்?"

"நம்மட நல்ல கஸ்டமர். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா டிரான்ஸ்பர் வரும். நாம போய்ப் படம் புடிப்போம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. மூன்றாவது படத்தின் ஓரத்தில் ஒரு பெண். ஒரு கை முன்னால், மறு கை முதுகுக்குப் பின்னால். என் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்ததால் கடவுச்சீட்டுப் படத்தை இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று.

2.

"மலைகளின் மடியில் பனி உறங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்..."

(வேண்டாம். பனியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அடித்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.)

ஓரத்துப் பெண்ணுக்கு ஜெஸீமா என்று பேர் வைக்கிறேன். இரத்தோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் சொல்லமாட்டேன். அங்கே அட்டெண்டன்ட் வேலை. நிரந்தரமாக்குகிறோம் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாலைக்காரர் அப்போதிக்கரி சிவலிங்கம். டொக்டர் இல்லாத நேரத்தில் ஊசியும் மருந்தும் அவர் பொறுப்பு.

பென்சிலின் போடுமுன் தோலில் ஒரு சொட்டு ஏற்றிவிட்டு இருபது நிமிடம் பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்ளாத உடம்பென்றால் உயிரே போய்விடும். சிவலிங்கத்துக்கோ வீட்டில் பிரைவேட் நோயாளிகள் காத்திருப்பார்கள். இருபது நிமிடத்துக்கு அவர் எங்கே போவார்? ஆகவே சோதனையைப் பேனையாலேயே செய்துவிடுவார். டிக்கெட்டில்* நேரம் மட்டும் ஒழுங்காக விழும்.

* நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் தாள். பஸ் டிக்கெட் அல்ல. ஆனாலும் பஸ் வரப்போகிறது, பொறுங்கள்.

3.

காத்தாயி கொழுந்து பறிப்பவள். காலில் வெட்டுக்காயம். மகள் கிருஷ்ணம்மாவோடு பஸ்ஸில் வந்தாள். தோட்டத்து பஸ் வழக்கமாக ஒன்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். அன்றைக்குச் செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கி, ஒவ்வொரு பையாகக் கிளறிப் பார்த்து, பஸ் வந்து சேரும்போது பத்தரை. பத்தே முக்காலுக்கு ஊசி. பதினொன்று அடிப்பதற்குள் காத்தாயி இல்லை. அவளைக் காப்பாற்றக்கூடிய மருந்து அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிச் சாவி, லீவில் போன ஸ்டோர்கீப்பரின் சட்டைப்பையில் இருந்தது.

சிவலிங்கம் பழக்கதோஷத்தில் எழுதினார்: சோதனை 9.10. பார்த்தது 9.30. ஒவ்வாமை இல்லை. அந்த நேரத்தில் காத்தாயி றோட்டோரம் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

(இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரவேண்டும் என்று எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே வரவில்லை. கோபம்தான் வந்தது.)

டிக்கெட்டுகளை ரெக்கோட் அறைக்குக் கொண்டுபோவது ஜெஸீமாவின் வேலை. காத்தாயியின் டிக்கெட் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

4.

பெரிய டொக்டர் மாணிக்கவாசகம் நல்லவர். கெட்டவராக்க மூன்று முறை முயன்றேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

"விசாரணைன்னு போனா ஆஸ்பத்திரி பேர் கெட்டுப் போகும் ஜெஸீமா. அவர லக்கலவுக்கு மாத்தியாச்சி. நல்லபடியா அனுப்பி வைப்போம். அந்த டிக்கெட் ஒங்கிட்டதானே? பிரியாவிடைக் கூட்டம் முடிஞ்சதும் கொண்டாந்து தா. ஒன்னோட வேலையப் பத்தி நான் மேல எழுதுறேன்."

முந்திய இரண்டு ஆஸ்பத்திரிகளும் இப்படித்தான் நல்லபடியாக அனுப்பிவைத்தன. லக்கலவில் பஸ் எப்போதாவதுதான். அங்கே சிவலிங்கம் எந்த நேரத்தை எழுதினாலும், பொய் என்று காட்டிக்கொடுக்க ஒரு பஸ்கூட இருக்காது.

கிருஷ்ணம்மா மூன்று நாளாக வந்து நிற்கிறாள். "அக்கா, எத்தன மணின்னு எழுதியிருக்காங்கன்னு தெரியணும். அந்தத் தாள் கையில இருந்தா போதும். செக்பொயின்ட்ல எறங்கினவங்க நாப்பது பேரு, எல்லாரும் வந்து சொல்லுவாங்க."

"நான் என்னத்தச் செய்ய தங்கச்சி? எனக்கும் ரெண்டு புள்ளைகள் இரிக்கி."

5.

முடிவு அ: பிரியாவிடைக் கூட்டத்தில் ஜெஸீமா எழுந்து உண்மையைப் போட்டு உடைக்கிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். இந்தக் கூட்டங்களில் யார் என்ன பேசினாலும் கடைசியில் கைதட்டுவதுதான் வழக்கம். (கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: டிக்கெட்டை டொக்டரிடம் கொடுக்கிறாள். வேலை நிரந்தரமாகிறது. லக்கலவில் ஒரு காலை, ஹவ்வா என்ற பெண் காய்ச்சலோடு வந்து, சிவலிங்கத்தின் முன்னால் கையை நீட்டி...

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.)

6.

படத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆகவே படத்துக்கே வருகிறேன். முகங்களில் வெயில் விழவேண்டும் என்று இத்ரூஸ் எல்லாரையும் ஆஸ்பத்திரி வாசல் கேட்டுக்கு முதுகு காட்டி நிறுத்துகிறார். நடுவில் மாலையோடு சிவலிங்கம், பக்கத்தில் டொக்டர்.

"ஓரத்துல நிக்கிற தங்கச்சி, கைய முன்னுக்கு எடுங்க."

ஜெஸீமா எடுக்கவில்லை.

நானும் இத்ரூஸும் கமராவின் பக்கம் நிற்கிறோம். எங்களுக்கு முகங்கள் மட்டும்தான் தெரியும். கேட்டுக்கு வெளியே தோட்டத்து பஸ் வந்து நிற்கிறது, இன்றைக்குச் சரியாக ஒன்பதுக்கு. நீங்களும் அதிலிருந்து இறங்குங்கள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணம்மா நிற்கிறாள். அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஜெஸீமாவின் முதுகுக்குப் பின்னாலுள்ள அந்தக் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

வெறுங்கையாக இருந்தால் எனக்குச் சொல்லவேண்டாம்.