நான்கு மீட்டர் ஜன்னல்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து கிடைத்தது. பொய் என்னுடையதல்ல, எங்கள் ஊர் நமங்கானில் ஒரு மாப்பிள்ளையின் தாய் மவ்ஜுதாவுடையது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காலை வெயிலில் மிதக்கும் மேகம்போல அந்த ஆர்கன்சாத் திரை...' அடித்துவிட்டேன். மேகம் எதற்கு? தைத்த சல்லாத் துணி அது.

2
எங்கள் ஊரில் புதுமணத் தம்பதியின் அறைக்குத் திரை போடுவது பெண் வீட்டார் பொறுப்பு. பெண்ணின் தாய் ஹுரியத், மாப்பிள்ளை வீட்டு ஜன்னலை அளந்துவரத் தையல்காரி ஸுல்ஹுமோரை அனுப்பினாள். மவ்ஜுதா வாசலிலேயே மறித்துத் தேநீர் ஊற்றினாள்.

"உள்ள பெயின்ட் காயலை தங்கச்சி. நாலு மீட்டர்னு எழுதிக்கோ. சுவர் முழுக்க ஜன்னல்!"

சம்பந்தி வீட்டுப் பேச்சுக்கு மேல் அளவு நாடாவை நீட்டினால் அவமதிப்பு. ஸுல்ஹுமோர் எழுதிக்கொண்டாள். ஹுரியத்திடம், "அளந்துட்டேன்" என்றாள்.

(இந்த ஒரு சொல்லுக்காகத்தான் கதையே.)

3
கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மவ்ஜுதா வீட்டில் ஸுல்ஹுமோர் திரையோடு ஏணியில் ஏறினாள். ஜன்னல் ஒன்றரை மீட்டர். மீதி சுவர்.*

"அக்கா, என்னக்கா இது!"

"மெதுவாப் பேசுடி. சின்ன அறைன்னா பொண்ணு குடுப்பாங்களா? அப்படியே தொங்கவிடு."

"ஆர்கன்சாக்கா. பின்னாடி இருக்குற விரிசல்கூடத் தெரியுது."

"அப்ப நீ தப்பா அளந்துட்டேன்னு சொல்லிடு. உனக்கென்ன குறைஞ்சிடும்?"

"பேரு. இருபது வருஷமா ஒரு விரக்கடை பிசகினதில்ல."

"எங்க வீட்ல நீ அளக்கவே இல்லையே!"

* இதைக் குறியீடு என்று எழுத விமரிசகர்கள் தயாராக இருப்பார்கள். சுவர்தான், ஐயா.

4
முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். அளக்காமலே 'அளந்துட்டேன்' என்ற பொய்யும் வெளியே வரும்.

முடிவு ஆ: பழியை ஏற்கிறாள். நாளை முதல் அவள் நாடாவை யாரும் நம்பமாட்டார்கள்.

முடிவு இ: திரைமேல் ஒளி பட்டு, சுவரே ஜன்னலாகி... வேண்டாம். இப்படி எழுதினால் பரிசு கொடுத்துவிடுவார்கள்.

5
ஹுரியத் வந்துவிட்டாள், தெருப் பெண்கள் நால்வரோடு.

"எங்க சம்பந்தி, நாலு மீட்டர் ஜன்னல்? இவளுங்க நம்பவே மாட்டேங்கறாளுங்க!"

மவ்ஜுதா ஏணியை அண்ணாந்து பார்க்கிறாள். ஹுரியத்தும் பார்க்கிறாள்.

ஸுல்ஹுமோரின் உதடுகளுக்கிடையில் மூன்று குண்டூசிகள். அவை இருக்கும்வரை பேச வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை எடுத்துத் திரையில் குத்துகிறாள். இரண்டாவதையும். மூன்றாவதில் கை வைக்கும்போது நான் பேனாவை மூடுகிறேன். அவள் சொல்லப்போவது எனக்குத் தெரியாது. நீங்கள் அந்த ஏணியில் நின்றிருந்தால் என்ன சொல்வீர்களோ, அதையே எழுதிக்கொள்ளுங்கள்.