சனிக்கிழமைச் சந்தேகம்

சொட்டுகிற குழாயை இறுக்குகிறேன் பேர்வழி என்று திருகினேன். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மனைவி கடைக்குப் போயிருப்பதை மறந்து அவளைக் கூப்பிட்டேன்.

வந்தது மகள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ திருகினாள். தண்ணீர் நின்றது. பதினாறு வருஷமாக அதே வீட்டில் குடியிருக்கிறேன். அங்கே ஒரு வால்வு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"முதல்ல தலையைத் துவட்டுங்கப்பா," என்று துண்டை நீட்டினாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் படித்து, எவன் புளுகுகிறான் என்று மோப்பம் பிடிப்பது என் பிழைப்பு. கேள்விக்குத் துண்டை நீட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மகள் வேலை கிடைத்து அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போகிறாள். வயது இருபத்திரண்டு. கூட எவனாவது போகிறானோ என்பதுதான் என் சந்தேகம். சனிக்கிழமை ஆனால் பத்து மணிக்கு 'தோழி வீட்டுக்கு' என்று கிளம்புகிறாள். பையில் ஸ்க்ரூடிரைவர், பிளக், பொத்தான் அறுந்த என் சட்டை. எந்தத் தோழி வீட்டுக்கு அப்பாவின் சட்டை விருந்துக்குப் போகும்?

மனைவியிடம் கேட்டேன். "அவகிட்டயே கேளுங்களேன்."

"கேட்டேன். துண்டு குடுத்தா."

"அப்ப துடைச்சுக்கோங்க." இவளும் கூட்டு!

சனிக்கிழமை பின்தொடர்ந்தேன், குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தெருவே என்னைத்தான் பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை. நூலகத்து மாடி ஏறினாள். நானும் ஏறிக் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

தாட்டியான ஓர் ஆள் அவள் முகத்துக்கு நேரே காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தான். "எல்லாரும் கையெழுத்துப் போடறாங்க. உனக்கு மட்டும் என்ன? போடு!"

"முடியாது சார்," என்றாள். குரல் நடுங்கியது.

அவ்வளவுதான். உள்ளே பாய்ந்து குடையை ஓங்கினேன். "டேய், யாருடா நீ?"

பத்துப் பதினைந்து இளவட்டங்கள் திரும்பின. ஒருத்தன் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். பலகையில், 'வாழ்க்கைத் திறன் வகுப்பு: தனியாக வாழப் போகிறவர்களுக்கு.'

"நான் நூலகர் சார்," என்றார் அந்த ஆள், இரண்டு கையையும் தூக்கியபடி. "இன்னிக்கு வீட்டு ஓனரா நடிக்கறேன். வாடகைப் பத்திரத்தைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு பழக்கறோம். குடையை இறக்கினீங்கன்னா புண்ணியமாப் போகும்."

மகள் என்னை மாடிப்படிக்கு இழுத்து வந்தாள். வெட்கத்தை மறைக்க நான் முந்திக்கொண்டேன்.

"இதை ஏம்மா மறைச்சே? நானே சொல்லிக் குடுத்திருப்பேனே! நேராச் சொல்லு, அந்த ஊருக்குக் கூட எவனாவது வரானா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"யாரும் வரலப்பா. அதான் பிரச்சினையே. அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப நீங்களும் நானும் வாஷிங் மெஷின் முன்னாடி உக்காந்திருந்தோமே, எந்தப் பட்டனை அமுக்கறதுன்னே தெரியாம? 'நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. அப்புறம் உள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டு அழுதீங்க. எனக்குக் கேட்டுது. உங்களுக்குத் தெரியலங்கறது பெரிசில்லப்பா. தெரியலன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்காம அழுதீங்க பாருங்க, அந்த மாதிரி நானும் எங்கயோ ஒரு ரூம்ல உக்காந்து அழுதுடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதுக்குத்தான் இங்க வரேன். சொன்னா உங்களுக்கு வலிக்கும்னுதான் சொல்லல."