நன்றாகச் சாகத் தெரிந்தவன்

எராக்லியோ மொந்தோயா மாதிரிச் சாவதற்கு ஹாலிவுட்டில் இன்னொருத்தன் கிடையாது. குதிரையிலிருந்து விழுந்து சாவான், சாராயக் கடை மாடியிலிருந்து உருண்டு சாவான், ஆற்றில் மிதந்துகொண்டே சாவான். எந்தப் படமானாலும் அவனுக்குக் கொள்ளைக்காரன் வேஷம்தான். பாதிப் படம் தாண்டுவதற்குள் எவனாவது ஒரு வெள்ளைக்காரக் கதாநாயகன் அவனைச் சுட்டுத் தள்ளிவிடுவான்.

அவன் பிறந்த ஊரான சான் தெல்மோவின் சினிமாக் கொட்டகையில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. அவனுடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவன் சாகிற நேரம் நெருங்கியதும், ஏற்கெனவே படம் பார்த்தவர்கள், "எழுந்து வெளிய போங்கம்மா, உங்க பையனுக்கு நேரம் வந்துருச்சு" என்பார்கள். அவளும் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய் நிற்பாள். பெற்ற பிள்ளையின் ஒரு படத்தைக்கூட அந்த மகராசி முழுசாகப் பார்த்ததில்லை.

அக்கா கசில்டாவுக்கு இதில் எரிச்சல் பாதி, பெருமை பாதி. பெருமையை வெளியே காட்டமாட்டாள். திராட்சைத் தோட்டக் கூலிகளின் குடிசையில் பிறந்த தம்பி, பால் பல் விழும் முன்பே பழம் பறிக்கப் போனவன். பிறகு கூடார நாடகக்காரர்களோடு ஓடிப்போய், மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கிறபடி பேசக் கற்றுக்கொண்டான். லாஸ் ஏஞ்சலஸில் முதலில் பெரிய நடிகர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுந்தான். அப்புறம் சொந்த முகத்தோடு விழுந்தான். படப்பிடிப்பில் மெக்சிகோக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே கூலி கொடு என்று வாய் திறந்ததற்கு ஒரு வருஷம் வேலையில்லாமல் திண்டாடினான். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?" என்று அப்போது கேட்டவளும் கசில்டாதான். இப்போது திராட்சைக் கூலிகளின் ஸ்ட்ரைக்கை முன்னால் நின்று நடத்துகிறவளும் அவளேதான். இவள் பேசலாமா!

ஸ்ட்ரைக் ஒரு வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது தம்பி ஊருக்கு வந்தான். வந்ததும் அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டான்.

"டாக்டர் வேஷம்க்கா. கடைசி வரைக்கும் உயிரோட இருக்கேன். கல்யாணம்கூட ஆகுது."

கசில்டா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவா? அம்மா கிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல. ஒரு நிபந்தனை இருக்கு. ஸ்ட்ரைக் பக்கம் என் தலை தெரியக் கூடாதாம். பேப்பர்ல போட்டோ வந்தா வேஷம் போச்சு."

"அப்ப வீட்டுக்குள்ளயே கிட. இருபது வருஷமா இதுக்காகத்தானே அடிபட்டே."

ஆனால் மறுநாள் காலையில் அவன் ரோட்டில் வந்து நின்றான். பண்ணைக்காரன் மெக்சிகோ எல்லைக்கு அப்பாலிருந்து பஸ் பஸ்ஸாகக் கருங்காலிகளை இறக்கியிருந்தான். அவர்களும் நம் ஆட்கள்தான், வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள். கொடி வரிசைகளுக்குள்ளே குனிந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டைத் தாண்டி ஒரு காலடி வைக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று கோர்ட் உத்தரவு. காலையிலிருந்து கத்தி கசில்டாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த அறுவடை சந்தைக்குப் போய்விட்டால் ஸ்ட்ரைக் செத்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ரோட்டோரம் நின்ற சங்கத்து லாரியில் ஏற எராக்லியோ அதன் பின்பக்கத்தில் கை வைத்தான்.

"ஏறாதேடா. அதோ பேப்பர்காரன் கேமராவோட நிக்கறான்," என்றாள் கசில்டா. "அம்மாவை நினைச்சுப் பாரு. ஒரு படமாவது முழுசா பார்க்கட்டும்."

"அம்மா அதோ சங்கக் கொடி பிடிச்சுக்கிட்டு நிக்கறா, பாரு. வெயில்ல நிக்கறவளுக்கு நான் டாக்டர் வேஷமா காட்டணும்?"

ஏறிவிட்டான். கூடார நாடகத்துக் குரலில், "டேய், என்னைச் சுட்டுட்டாங்கடா!" என்று ஒரு கத்துக் கத்தினான் பாருங்கள், தோட்டத்தின் அந்தக் கோடிவரைக்கும் கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் விழுந்தான். உள்ளே ஒருத்தன் நிமிர்ந்தான். "அட, அவனாடா இது! எப்பவும் சாவானே, அவன்!" என்று பக்கத்து வரிசைக்குச் சொன்னான். அது வரிசை வரிசையாகப் பரவியது. வெட்டுக் கத்தரியும் கையுமாக ரோட்டோரம் வந்து நின்று, ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"ஆத்துல சாவீங்களே, அதைச் செய்யுங்கண்ணே!"

"தண்ணி இல்லாமலா? சரி, உனக்காக," என்று காய்ந்த பலகைமேல் நீந்தியே செத்தான். மேஸ்திரி கத்தியது சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கட்டின தொண்டையோடு கசில்டாவும் சிரித்தாள்.

பிறகு அவன் எழுந்து, இல்லாத கூடை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டான். நாலடி நடந்தான். நெற்றியைத் துடைத்தான். தண்ணீர் கேட்பது போல் மேஸ்திரி நின்ற பக்கம் திரும்பினான். கூடையைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சரிந்தான். கத்தவில்லை, துடிக்கவில்லை. அப்படியே கிடந்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது.

படுத்தபடியே சொன்னான்: "இது டொமிசியானோ. போன ஆகஸ்ட் வெயில்ல, நீங்க பழம் வெட்டற அதே வரிசையில விழுந்தான். நான் செத்தா சம்பளம் கொடுப்பாங்க, எழுந்து போயிருவேன். அவன் எழுந்திருக்கல."

முதலில் ஒரு வயசான ஆள் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தார். அடுத்து அவர் மகன். அதற்கப்புறம் யார் முதல், யார் கடைசி என்று கசில்டா பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. மத்தியானத்துக்குள் தோட்டம் காலி.

மறுநாள் சங்கக் கூடத்தில், எல்லாரும் பீன்ஸும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டூடியோக்காரன். அவன் குரல் பக்கத்தில் நின்ற கசில்டாவுக்கே கேட்டது. போட்டோ எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது, ஆனாலும் ஒரு வழி இருக்கிறது என்றான். அம்மாவைப் பார்க்கப் போனேன், கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன், ஸ்ட்ரைக்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பேப்பருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் வேஷம் அவனுக்கே.

கூடமே மெல்லுவதை நிறுத்திவிட்டது. சொல்லித் தொலைடா, ஒரு பொய்தானே, என்று கசில்டாவின் மனசு அடித்துக்கொண்டது. அவன் சொல்லிவிடுவானோ என்றும் அதே மனசு பயந்தது.

"மாட்டிக்கல சார்," என்றான் எராக்லியோ. "நானாத்தான் ஏறினேன். அதையே எழுதிக்கோங்க."

போனை வைத்தான். யாரும் கை தட்டவில்லை. என்ன போய்விட்டது என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. கசில்டாவுக்கு அழுகை முட்டியது, கூடவே நெஞ்சு விம்மியது. இவன் என் தம்பி என்று அந்தக் கூடத்துக்கே கேட்கிறபடி கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காந்து சாப்பிடு," என்றாள். "நாளைக்கு விடியறதுக்குள்ள கிழக்கு ரோட்டு மறியலுக்கு வந்துரணும். நடிகன்னு லேட்டா வந்தே, உதை விழும்."