எனக்குத்தான் அவசரம்

“நிறுத்துங்க! அந்தப் பங்க்ல நிறுத்துங்க!” என்று அவள் டிரைவருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியைத் தட்டினாள்.

டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார். ஸ்ட்ரெச்சரில் கட்டியிருந்த அப்பாவின் உடல் லேசாக ஆடி நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தோடு வீடு திரும்புகிற வண்டி பெட்ரோல் பங்கில் யாருக்காக நிற்க வேண்டும்? அவளுக்கே தெரியவில்லை. போர்டு கண்ணில் பட்டதும் கை தானாகத் தட்டிவிட்டது.

முன்சீட்டிலிருந்து அண்ணன் இறங்கி வந்தான். “என்னாச்சு? உனக்கா?”

“ஆமா. எனக்குத்தான் அவசரம்.”

அதுவும் தானாகவே வந்தது.

“இன்னைக்குமா? நீ மாறவே மாட்டியா?” என்றான்.

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் அடக்க முடியாமல் போனது. கண்டக்டர் வேலை. நிறைந்த பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு வேலையையே விட்டார். சினிமா போயிற்று, கல்யாண வீடுகள் போயின. போயே தீரவேண்டிய இடமென்றால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிளம்புவார்; மகளும் கூட வர வேண்டும். அவர் அவள் முழங்கையில் கிள்ளுவார், அவள் “எனக்கு அவசரம்” என்பாள், துணைக்குப் போவதுபோல் அவரும் இறங்குவார். அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். ஹாஸ்டலில் படித்த அண்ணனிடம் மூச்சுவிடக் கூடாதென்று சத்தியம் வேறு. சொந்தக்காரர்கள் அவளுக்கு ‘ஓட்டை வாளி’ என்று பெயர் வைத்தார்கள். அவள் வயிறோ, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு!

கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டாள். எதுவும் வரவில்லை, அழுகைகூட. சத்தியம் வாங்கியவர் செத்துப்போனால் சத்தியமும் போய்விடுமா, இல்லை இனிமேல்தான் காப்பாற்ற வேண்டுமா? கேட்கக்கூடிய ஒரே ஆள் வண்டியில் கிடந்தார். அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கொஞ்சம் தாமதித்து, சும்மாவே தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்தாள்.

அண்ணனின் கண்கள் சிவந்திருந்தன.

“உனக்காக எத்தன எடத்துல நின்னிருப்பாரு மனுஷன்! ஒரு தடவயாவது மொகம் சுளிச்சிருப்பாரா? நானா இருந்தா அறைஞ்சிருப்பேன்.”

அவள் வாயைத் திறந்தாள். திறந்திருந்த பின்கதவு வழியே, துணி போர்த்திய அப்பாவின் கால்கள் தெரிந்தன.

“சுளிச்சதே இல்ல” என்றாள்.

அவள் ஏறி உட்காரும்வரை அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வீட்டுக்கு இன்னும் தூரம் இருக்கு. மறுபடி வந்தா கூச்சப்படாம சொல்லு, என்ன? நிறுத்தச் சொல்றேன்.”

அவள் தலையாட்டினாள். அவன் கதவை மெதுவாகச் சாத்தினான்.